சொல்லப்பட்ட அற்புதம்

ட்ரீம் தியேட்டர் என்ற மெட்டல் குழுவின் பதின்மூன்றாவது ஸ்டூடியோ ஆல்பமான ‘தி அஸ்டானிஷிங்’ 2016 ஜனவரி 29 அன்று வெளிவந்தது. இரண்டு அங்கங்கள், 34 தடங்கள், சுமார் 130 நிமிடம். பிராக் நகரத்தின் பில்ஹார்மோனிக் வாத்தியக் குழு வாசித்தது, சேர்ந்திசைக் குழுக்கள் பாடின, வாத்தியக் குழுவுக்கான பகுதிகளை டேவிட் கேம்ப்பெல் ஒழுங்கமைத்தார். பாட்டு காதில் விழுவதற்கு முன்பே கதை நடக்கும் தேசத்தின் வரைபடமும் பாத்திரங்களின் ஓவியங்களும் குழுவின் இணையதளத்தில் ஏறிவிட்டன. நீங்கள் பேரரசின் பக்கமா, கிளர்ச்சிப் படையின் பக்கமா என்று ரசிகர்களைக் கேட்டு ஆள் சேர்த்தார்கள். பிறகு கைபேசி விளையாட்டு வந்தது, நாவலும் வந்தது. லண்டன் பலேடியம் அரங்கில் தொடங்கிய சுற்றுப்பயணத்தில், மெட்டல் ரசிகர்கள் நல்ல பிள்ளைகளாக நாற்காலியில் உட்கார்ந்திருக்க, ஆல்பம் முழுவதும் வரிசை மாறாமல் வாசிக்கப்பட்டது.

அந்தக் குழுவைத் தொண்ணூறுகளிலிருந்து விடாமல் கேட்டுவருகிறவர்களில் பலருக்கு இது பெரிய ஏமாற்றம். நானும் அவர்களில் ஒருவன். ரசிகனின் முனகல் என்று இதைத் தள்ளிவிடலாம்தான். ஆனால் ஒரு குழு தன் முழு பலத்தையும் திரட்டிச் செய்த காரியம், அந்தக் குழுவை மிக நன்றாக அறிந்தவர்களிடமே எடுபடாமல் போனது ஏன் என்பது விசாரித்துப் பார்க்கத்தக்க கேள்வி.

வழக்கமாக மூன்று பதில்கள் வரும்: நீளம் அதிகம், மென்மையான பாட்டுகள் அதிகம், கதை அரதப்பழசு. மூன்றும் உண்மை, மூன்றும் போதாது. நீளம் பிடிக்காதவர் இந்தக் குழுவின் பக்கமே வந்திருக்கமாட்டார். 2002இல் வந்த ஆல்பத்தின் தலைப்புப் பாடல் மட்டும் 42 நிமிடம், 2005இன் ‘ஆக்டவேரியம்’ 24 நிமிடம். மென்மையும் புதிதில்லை. இவர்களுக்குப் பெயர் வாங்கித்தந்த 1992 ஆல்பமான ‘இமேஜஸ் அண்ட் வேர்ட்ஸ்’ சாக்ஸபோன் வாசிப்போடு ஒரு காதல் பாட்டை இரண்டாவது தடமாகவே வைத்திருந்தது. கதை பழசு என்றால், இதே குழு 1999இல் எடுத்துக்கொண்ட மறுபிறவிக் கொலைக் கதை மட்டும் என்ன புதிது? கென்னத் பிரானா இயக்கிய ‘டெட் அகெய்ன்’ படத்தின் சாயல் அதில் அப்பட்டமாகத் தெரியும். அந்த ஆல்பத்தைத்தான் பலர் கதை சொல்லும் மெட்டல் ஆல்பங்களின் உச்சம் என்கிறார்கள்.

ஆக, கோளாறு வேறு எங்கோ இருக்கிறது. அதைப் பிடிக்க, இந்த இசையின் ரசிகன் எதைக் கேட்டுப் பழகியவன் என்பதிலிருந்து தொடங்கவேண்டும்.

எழுபதுகளில் யெஸ், ஜெனிசிஸ், கிங் கிரிம்சன், ரஷ் போன்ற குழுக்கள் ராக் பாட்டைப் பல பகுதிகள் கொண்ட நீண்ட கட்டடமாக எழுப்பின. எண்பதுகளில் ஃபேட்ஸ் வார்னிங், குயின்ஸ்ரைக், வாட்ச்டவர் ஆகியோர் அந்த ஆசையோடு மெட்டலின் கனத்தைச் சேர்த்தார்கள். 1985இல் பாஸ்டனின் பெர்க்லீ இசைக் கல்லூரியில் கிட்டார் ஜான் பெட்ரூச்சி, பேஸ் கிட்டார் ஜான் மியுங், டிரம்ஸ் மைக் போர்ட்னாய் மூவரும் ‘மெஜஸ்டி’ என்ற பெயரில் தொடங்கிய குழுதான் பின்னாளில் ட்ரீம் தியேட்டர் ஆயிற்று. கனடாக்காரர் ஜேம்ஸ் லப்ரி பாட வந்தது 1992 ஆல்பத்துக்கு. ஒன்பது வயதில் ஜூலியார்டில் சேர்ந்து பியானோ படித்த ஜோர்டன் ரூடஸ் 1999இல் கீபோர்டுக்கு வந்தார்.

இவர்களைக் கேட்பது ஒருவகையில் வேலைதான். ராக் இசை பெரும்பாலும் நாலு நாலாக நடக்கும். இவர்களுடையது ஏழுக்குத் தாவி, ஐந்துக்குக் குறுகி, ஒன்பதுக்கு நீண்டு, சட்டென்று நாலில் வந்து நிற்கும். கர்நாடக இசை பழகிய காது மிஸ்ரம், கண்டம், சங்கீர்ணம் என்று உடனே பெயர் வைத்துவிடும். ஆனால் அங்கே தாளம் அசையாமல் இருக்க, அதற்குள் கணக்கு ஓடிச் சமத்தில் வந்து சேரும். இங்கே தாளமே இடம் மாறிக்கொண்டிருக்கும். ‘தி டான்ஸ் ஆஃப் எடர்னிட்டி’ என்ற ஆறு நிமிட வாத்திய இசையில் தாளம் நூறு முறைக்கு மேல் மாறுகிறது. தொடையில் தட்டிக்கொண்டு கேட்பவர் முதலில் தோற்றுத்தான் போவார். திரும்பத் திரும்பக் கேட்கும்போது ஓரிடம் பிடிபடும், பிறகு அடுத்த இடம். அப்படிப் பிடிபட்ட இடங்களில்தான் கேட்டவனுக்கும் அந்த இசைக்கும் ஒரு சொந்தம் உண்டாகிறது.

கணக்கு மட்டுமில்லை. ஆல்பங்களுக்கு நடுவே இவர்கள் முடிச்சுகள் போட்டு வைப்பார்கள். 1999 ஆல்பம் ஓர் இரைச்சலோடு முடியும், 2002 ஆல்பம் அதே இரைச்சலில் தொடங்கும். 2002இன் கடைசி ஒலி 2003 ஆல்பத்தின் வாசல், 2003இன் கடைசி பியானோ ஸ்வரம் 2005 ஆல்பத்தின் முதல் ஸ்வரம். 2005 ஆல்பமோ தொடங்கிய இடத்திலேயே வந்து முடிந்து வட்டத்தை மூடிவிடும். இதையெல்லாம் யாரும் அட்டையில் அச்சிட்டுச் சொல்லவில்லை. கேட்டவர்கள் கண்டுபிடித்தார்கள். சொல்லாமல் விட்டதைக் காதால் தேடிப் பிடிக்கும் பழக்கத்தை இருபது ஆண்டுகளாக இந்தக் குழுவே தன் ரசிகர்களுக்கு ஊட்டி வளர்த்தது.

இதன் உச்சம் அந்த 1999 ஆல்பமான ‘மெட்ரோபோலிஸ் பார்ட் 2: சீன்ஸ் ஃப்ரம் எ மெமரி’. அது பிறந்த விதம் ‘தி அஸ்டானிஷிங்’கைப் புரிந்துகொள்ள உதவும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1992 ஆல்பத்தில் ‘மெட்ரோபோலிஸ்’ என்றொரு பாட்டு இருந்தது. அதன் பெயரில் ‘பாகம் 1’ என்று விளையாட்டாகச் சேர்த்திருந்தார்கள், இரண்டாம் பாகம் எழுதும் எண்ணமே இல்லாமல். ரசிகர்கள் விடவில்லை, இரண்டாம் பாகம் எங்கே என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 1996 வாக்கில் அடுத்த ஆல்பத்துக்கு மாதிரிப் பதிவுகள் செய்தபோது இருபது நிமிடத்துக்கு மேல் நீளும் இரண்டாம் பாகம் ஒன்றும் உருவானது. இரட்டை ஆல்பமாக வெளியிடலாம் என்பது குழுவின் ஆசை. இசை நிறுவனம் மறுத்தது. வானொலியில் ஓடக்கூடிய பாட்டு வேண்டும் என்றது. பான் ஜோவிக்கும் ஏரோஸ்மித்துக்கும் வெற்றிப் பாட்டுகள் எழுதிய டெஸ்மண்ட் சைல்டை அழைத்து ஒரு பாட்டைத் திருத்தி எழுதவைத்தார்கள். 1997இல் ‘ஃபாலிங் இன்டு இன்ஃபினிட்டி’ ஒற்றை ஆல்பமாக வந்தது, மெட்ரோபோலிஸ் இரண்டாம் பாகம் அதில் இல்லை. ரசிகர்களின் முதல் பெரிய ஏமாற்றம் அதுதான். போர்ட்னாய் குழுவைவிட்டே போய்விடலாமா என்று யோசிக்கும் அளவுக்கு உள்ளே கசப்பு. அடுத்த ஆல்பத்தில் நிறுவனம் தலையிடக்கூடாது என்று நிபந்தனை போட்டுவிட்டுத்தான் ஸ்டூடியோவுக்குள் போனார்கள். முன்பு ஒதுக்கிவைத்த இருபது நிமிடம் அங்கே முழு ஆல்பமாக வளர்ந்தது.

சந்தைக்காக யோசித்த அந்த மறுப்பு, இரண்டாம் பாகம் இன்னும் மூன்று ஆண்டு ஊறுவதற்கு வழிசெய்தது என்பது தற்செயல்தான். நிறுவனங்கள் தலையிட்டால் நல்லது என்று இதிலிருந்து யாரும் முடிவுகட்டிவிட வேண்டாம். ஆனால் ‘தி அஸ்டானிஷிங்’குக்கு எந்தத் திசையிலிருந்தும் மறுப்பு வந்ததாகத் தெரியவில்லை. வாத்தியக் குழு, சேர்ந்திசை, நாடகமேடை, விளையாட்டு, கேட்டதெல்லாம் கிடைத்தது. 1997இன் ஏமாற்றம் கட்டுப்பாட்டிலிருந்து வந்தது, 2016இன் ஏமாற்றம் முழுச் சுதந்திரத்திலிருந்து.

‘சீன்ஸ் ஃப்ரம் எ மெமரி’யில் கதை எங்கே நடக்கிறது? நிக்கலஸ் என்பவன் மனோவசிய சிகிச்சையில் தன் முற்பிறவியைக் காண்கிறான். 1928இல் கொல்லப்பட்ட விக்டோரியா என்ற பெண் அவன்தான். பாட்டு வரிகள் இந்த அளவுக்குச் சொல்கின்றன. ஆனால் மறுபிறவி என்ற கருத்தை உண்மையில் சுமப்பது ஸ்வரங்கள். 1992 பாட்டின் மெட்டுத் துணுக்குகள் வேறு வேகத்தில், வேறு தாளத்தில், வேறு வாத்தியத்தில் மறுபடி மறுபடி தலைகாட்டுகின்றன. முன்பு எங்கோ கேட்டதாயிற்றே என்ற அரைகுறை நினைவு நிக்கலஸுக்கு வருவதற்கு முன் நமக்கு வந்துவிடுகிறது. கடைசித் திருப்பத்தில் பாட்டே கிடையாது. கார் வந்து நிற்கும் சத்தம், வீட்டுக்குள் நடமாட்டம், இசைத்தட்டு ஓடும் ஒலி, ஒரு குரல், பிறகு இரைச்சல். அந்தக் குரல் யாருடையது என்று புரிந்துகொண்டவருக்குக் கதை தலைகீழாகிறது. புரியாதவர் திரும்பக் கேட்கிறார்.

இப்போது 2016க்கு வருவோம். இசையின் வலிமையைப் பற்றிக் கதை எழுதினார் பெட்ரூச்சி. 2285ஆம் ஆண்டு. வட அமெரிக்காவின் ஒரு பகுதி மன்னராட்சிக்குத் திரும்பிவிட்டது. நஃபேரியஸ் என்ற பேரரசன் ஆள்கிறான். மனிதர்கள் இசைக்கும் பழக்கம் ஒழிந்துபோய், வானில் மிதக்கும் இரைச்சல் எந்திரங்கள்தான் இசை என்ற பெயரில் எதையோ எழுப்பிக்கொண்டிருக்கின்றன. அவற்றுக்கு நோமாக்ஸ் என்று பெயர். ரேவன்ஸ்கில் என்ற கிராமத்தில் கேப்ரியல் என்ற இளைஞனுக்குப் பாட்டு கைவந்திருக்கிறது. அவன் அண்ணன் ஏரிஸ் கிளர்ச்சிப் படைத் தலைவன். பேரரசனின் மகள் ஃபெய்த் கேப்ரியலைக் கண்டு காதல்கொள்கிறாள், மகன் டேரியஸ் பொறாமையில் சூழ்ச்சி செய்கிறான். பிள்ளையின் நல்வாழ்வுக்காகத் தம்பியைக் காட்டிக்கொடுக்கச் சம்மதித்த ஏரிஸ், கடைசி நேரத்தில் மனம் மாறிக் கொல்லப்படுகிறான். இருட்டில் ஆள் தெரியாமல் டேரியஸ் தங்கையையே வெட்டிவிடுகிறான். துக்கத்தில் அலறிய கேப்ரியலின் குரல் போய்விடுகிறது. ஊரார் கூடிப் பாட, அவன் குரல் திரும்ப, அவன் பாட, அவள் பிழைக்கிறாள். பேரரசன் மனம் திருந்தி எந்திரங்களை நிறுத்துகிறான்.

நம் பழைய சினிமாவுக்கு இந்தக் கதை நன்றாகவே பொருந்தும். அதில் குறை காண எனக்கு மனமில்லை. கதைக்குள் ஒளிந்திருக்கும் பந்தயம்தான் ஆபத்தானது. ஒரு நாவலாசிரியர், அவன் பாடினான், கேட்டவர் கண்ணில் நீர் வழிந்தது என்று எழுதிவிட்டு நகரலாம். அந்தப் பாட்டு எப்படி இருந்தது என்பது வாசகர் பாடு, அவரவர் தமக்குப் பிடித்த இசையை அங்கே இட்டு நிரப்பிக்கொள்வார்கள். ஆல்பத்தில் அந்தச் சலுகை கிடையாது. நீண்ட மௌனத்துக்குப் பின் பிறந்த மனிதப் பாட்டு இதுதான் என்று சொன்னால், அடுத்த நொடி அதை ஒலித்துக் காட்டவேண்டும். இங்கே ஒலிப்பது நாம் எண்பதுகளிலிருந்து ராக் ஆல்பங்களில் கேட்டுவரும் அதே பியானோ மென்பாட்டு. மெல்லத் தொடங்கும், இரண்டாம் சரணத்தில் டிரம்ஸ் சேரும், பல்லவியில் குரல் மேலேறும், வயலின்கள் பின்னால் எழும். மோசமான பாட்டுகள் என்று சொல்லமாட்டேன். ஆனால் கொடுங்கோலனின் மகள் இதைக் கேட்டு அரண்மனையைத் துறந்தாள் என்றால் நம்புவதற்குக் காதில் ஒன்றும் விழவில்லை.

பாட்டு உயிர் மீட்கும் கதை நமக்குப் புதிதில்லை. மயிலாப்பூரில் பாம்பு தீண்டி இறந்த பூம்பாவையைச் சம்பந்தர் பதிகம் பாடி எழுப்பியதைச் சேக்கிழார் சொல்கிறார். அந்தப் பதிகம் தேவாரத்தில் நம் கையில் இருக்கிறது. ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கு, ஆதிரை, தைப்பூசம் என்று ஊரின் திருவிழாக்களை ஒவ்வொன்றாக அந்தப் பெண்ணின் முன் விரித்து, அவளை வாழ்க்கையின் பக்கம் இழுக்கும் பாடல் அது. அற்புதத்தை நம்பாதவருக்கும் அந்தப் பாட்டு எதனால் ஒருத்தியைத் திரும்பி வரவைக்கும் என்பது விளங்கிவிடும், ஏனென்றால் காரணம் பாட்டுக்குள்ளேயே இருக்கிறது. ‘தி அஸ்டானிஷிங்’கில் ஆயிரம் குரல்கள் சேர்ந்து பாடும் அந்தத் தருணத்துக்கு நான்கு நிமிடம்கூட ஒதுக்கப்படவில்லை. குரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கூடிக்கூடி ஆயிரமாவதை நாம் கேட்பதில்லை. ஆயிரம் குரல்கள் என்று பாட்டின் தலைப்பு சொல்கிறது, நாம் ஒப்புக்கொள்ளவேண்டியிருக்கிறது.

இதைவிடப் பெரிய நழுவல் எந்திரங்களின் விஷயத்தில். மனித இசைக்கும் எந்திர இரைச்சலுக்கும் போர் என்பது கதை. இசையாகப் பார்த்தால் இதைவிட நல்ல கரு ஒரு மெட்டல் குழுவுக்குக் கிடைக்குமா? இரைச்சலைக் கட்டி மேய்க்கவே பிறந்த வகையல்லவா அது! அதிலும் ரூடஸ் மின்னணுக் கருவிகளில் ஊறியவர். புதுப்புது வாத்தியங்களைத் தேடிப் பிடிப்பவர், ஐபேடுக்கே இசைச் செயலிகள் உருவாக்கியவர். அப்படிப்பட்டவர் கையில் நோமாக்ஸுக்குக் கிடைத்தவை ஐந்து துணுக்குகள். ஒவ்வொன்றும் ஒன்றரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும், எல்லாம் சேர்ந்து ஐந்து நிமிடம் தேறலாம். கரகரப்பு, விட்டுவிட்டு வரும் பீப் ஒலி, அவ்வளவுதான். அவை பாட்டுகளுக்கு நடுவே நிற்கின்றன, பாட்டுக்குள் நுழைவதில்லை. கேப்ரியலின் மெட்டை எந்திரம் திருடிச் சிதைப்பதாகவோ, ஒரு கிட்டார் ரிஃப் மெல்ல எந்திரத்தனமாக இறுகிப்போவதாகவோ, இரைச்சலுக்கு நடுவே ஒரு மெட்டு மூச்சுத் திணறிப் பிழைப்பதாகவோ ஓரிடம் இல்லை. தாளத்தை நூறு முறை மாற்றிக் காட்டிய குழு, தாளம் மாறாத எந்திரத்தையும் தாளம் பிறழும் மனிதனையும் எதிரெதிரே நிறுத்தியிருக்கலாமே என்ற எண்ணம் எனக்கு இன்றும் போகவில்லை.

ஒரு வரி எழுதிக் கொடுத்தால் முழுப் பாட்டைச் செய்து தந்துவிடும் மென்பொருள்கள் இன்று எல்லோர் கையிலும் இருக்கின்றன. பெட்ரூச்சியின் கவலை 269 ஆண்டு காத்திருக்கவில்லை, பத்து ஆண்டுக்குள் வாசலுக்கு வந்துவிட்டது. அந்த அளவுக்குக் கூர்மையான ஒரு கருவை எடுத்துவிட்டு ஐந்து நிமிடக் கரகரப்பில் கைகழுவியதுதான் வயிற்றெரிச்சல்.

அடுத்தது குரல். எட்டுப் பாத்திரங்கள், எட்டும் லப்ரி ஒருவரே. இதைக் குறையாகச் சொன்னவர்கள் பலர். நான் அவர்களோடு முழுதாக ஒத்துப்போகமாட்டேன். ஒரே பாகவதர் இராமனும் இராவணனும் சூர்ப்பணகையுமாக மாறுவதைக் கதாகாலட்சேபத்தில் நாம் பார்த்திருக்கிறோம். அங்கே பாத்திரம் மாறினால் ராகம் மாறும், நடை மாறும், பாட்டு விட்டு வசனம் வரும். ஆள் ஒருவர்தான், ஆனால் இசை ஒன்றாக இராது. இங்கே லப்ரி தன்னால் ஆனதைச் செய்கிறார். நஃபேரியஸுக்குக் குரலைக் கரகரப்பாக்கி மிடுக்குக் கூட்டுகிறார், ஃபெய்த்துக்கு மெலிதாக்குகிறார். இந்த ஆல்பத்தில் மிகக் கடுமையாக உழைத்தவர் அவர்தான் என்பேன். ஆனால் பேரரசன் பாடும் இசையும் கிளர்ச்சிக்காரன் பாடும் இசையும் ஒரே பட்டறையில் அடித்தவை. பாத்திரங்களுக்கென்று மெட்டுகள் இல்லாமலில்லை. அவை ஒன்றோடொன்று மோதி, கலந்து, உருமாறுவது இல்லை. பாத்திரம் மேடைக்கு வரும்போது அடையாளச் சீட்டுப்போல் ஒட்டிக்கொண்டு வருகின்றன. கையில் கதைப் புத்தகம் இல்லாமல் கேட்டால் யார் பாடுகிறார் என்பது பாதி இடங்களில் தெரியாது.

இதே லப்ரி 2004இல் டச்சுக்காரர் ஆர்யென் லூக்காசனின் ஏரியான் திட்டத்தில் ‘தி ஹ்யூமன் ஈக்வேஷன்’ ஆல்பத்தில் பாடியிருக்கிறார். விபத்தில் கோமாவில் விழுந்தவனின் இருபது நாள்கள் இருபது பாட்டுகள். லப்ரிக்கு ஒரே பாத்திரம், அந்த நோயாளி. அவனுடைய அச்சம், கோபம், காதல், கர்வம் எல்லாம் வேறுவேறு பாடகர்கள். அச்சத்துக்கு ஓப்பெத் குழுவின் மிகேல் ஓகர்ஃபெல்ட், கோபத்துக்கு டெவின் டவுன்சென்ட். அதுவும் இரண்டு குறுந்தகடுகள் நிறையும் நீளம். ஆனால் கோபம் வாய்திறந்தால் அது கோபம் என்று அறிய அட்டையைப் புரட்டவேண்டியதில்லை.

குரலைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் சொல்லவேண்டும். 1994 டிசம்பரில் கியூபாவில் விடுமுறையில் இருந்தபோது உணவு விஷமாகி, கடுமையாக வாந்தி எடுத்ததில் லப்ரியின் குரல்நாண்கள் கிழிந்துபோயின. மருத்துவர்கள் ஓய்வெடுக்கச் சொல்லியும் சில வாரங்களில் ஜப்பான் மேடைகளில் நின்றார். பழைய குரல் தேறிவரப் பல ஆண்டுகள் பிடித்தன, அதுவரை நேரடி நிகழ்ச்சிகளில் அவர் வாங்கிய வசவு கொஞ்சமில்லை. அலறிக் குரல் இழக்கும் ஒரு பாடகனின் பாத்திரம் அவருக்கு அமைந்தது எவ்வளவு பெரிய வாய்ப்பு! உடைந்த குரல் ஒன்றை அங்கே பாடவிட்டிருந்தால் போதும், மொத்த ஆல்பமும் நிமிர்ந்திருக்கும். அந்த இடத்தைக் கதை ஓடிக் கடந்துவிடுகிறது. குரல் போனதும் திரும்பியதும் வரிகளில் நடக்கின்றன, தொண்டையில் நடக்கவில்லை.

இப்படி ஆனதற்குச் செய்முறையிலும் காரணம் இருக்கிறது. கதையைப் பெட்ரூச்சி நீண்ட காலம் தனியே எழுதிச் செதுக்கினார். இசையைப் பெட்ரூச்சியும் ரூடஸும் இருவராக உட்கார்ந்து அமைத்தார்கள். மற்றவர்கள் வாசிக்கவும் பாடவும் வந்தவர்கள். பாடப்பட வேண்டிய நிகழ்ச்சிகளின் பட்டியல் முன்பே கையில் இருந்தால், ஒவ்வொரு பாட்டும் ஒரு காட்சியை முடித்துக்கொடுக்கும் வேலைக்காரனாகிவிடும். 34 தடங்களில் மிக நீளமானது எட்டு நிமிடத்தை எட்டவில்லை. இருபது நிமிடத்துக்கு ஒரு கருத்தை வளர்த்துத் தேய்த்துத் திருப்பிக் கட்டத் தெரிந்தவர்கள், இரண்டு மணி நேரத்துக்குமேல் கையில் வைத்துக்கொண்டு எதையும் வளரவிடவில்லை. நீளம் என்று நாம் குறைப்பட்டுக்கொள்வது உண்மையில் குட்டை குட்டையான துண்டுகளின் களைப்பு. போர்ட்னாயின் இடத்துக்கு வந்த மைக் மஞ்சினி போன்ற அசாத்தியமான டிரம்ஸ்காரர் பல பாட்டுகளில் தாளத்தைக் காவல் காப்பதோடு நின்றுவிடுகிறார், மியுங்கின் பேஸ் இருக்கிறதா என்று தேடவேண்டியிருக்கிறது.

போர்ட்னாய் 2010இல் விலகியதுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று ஒரு கட்சி உண்டு. எனக்கு அதில் நம்பிக்கையில்லை. அவர் இல்லாமல் 2011இல் வந்த ஆல்பம் நன்றாகவே இருந்தது. தவிர, இந்தச் சறுக்கல் இவர்களுக்கு மட்டும் உரியதுமில்லை. 1973இல் யெஸ் குழு நான்கே பாட்டுகளை இரண்டு இசைத்தட்டுகளில் நிரப்பி ‘டேல்ஸ் ஃப்ரம் டோபோகிராஃபிக் ஓஷன்ஸ்’ வெளியிட்டது. அதன் கீபோர்டுக்காரர் ரிக் வேக்மனுக்கே அது பிடிக்கவில்லை. அந்தச் சுற்றுப்பயணத்தில் மான்செஸ்டர் மேடையில், தனக்கு வாசிக்க வேலை இல்லாத இடத்தில், இந்தியக் கறிச் சாப்பாட்டை வரவழைத்துச் சாப்பிட்டதாக அவரே பலமுறை சொல்லிச் சிரித்திருக்கிறார். குயின்ஸ்ரைக் 1988இல் எழுதிய ‘ஆபரேஷன்: மைண்ட்கிரைம்’ இந்த வகையின் மூலநூல்களில் ஒன்று. பதினெட்டு ஆண்டு கழித்து அதே பாத்திரங்களை எழுப்பிக் கொண்டுவந்த இரண்டாம் பாகம், வில்லனுக்குப் புகழ்பெற்ற மெட்டல் பாடகர் ரானி ஜேம்ஸ் டியோவையே பாடவைத்தும் எழுந்து நிற்கவில்லை.

ஓப்பெத் தந்த ஏமாற்றம் வேறு ரகம். 2011இல் ‘ஹெரிடேஜ்’ ஆல்பத்தில் உறுமல் குரலை அடியோடு விட்டுவிட்டுப் பழைய ராக் பக்கம் திரும்பினார்கள். பழைய ரசிகர்கள் கொதித்தார்கள். அந்தக் கொதிப்பில் எனக்குப் பங்கில்லை. அங்கே மாறியது ஒலியும் நிறமும்தான், காதுக்கு விடும் சவால் அப்படியே இருந்தது. பழகிய சுவை கிடைக்கவில்லை என்பதற்காகக் கோபித்துக்கொள்ளும் ரசிகரும், பழகிய உழைப்பு தேவைப்படவில்லை என்பதற்காக ஏமாறும் ரசிகரும் வெளிப்பார்வைக்கு ஒரே ஆள்போலத் தெரிவார்கள். முன்னவரிடம் கலைஞர் செவிகொடுக்க வேண்டியதில்லை.

‘தி அஸ்டானிஷிங்’குக்குப் பின் குழு நடந்துகொண்ட விதம் கவனிக்கத்தக்கது. 2017 சுற்றுப்பயணம் 1992 ஆல்பத்தின் வெள்ளிவிழா. 2019இல் ‘சீன்ஸ் ஃப்ரம் எ மெமரி’யின் இருபதாம் ஆண்டைக் கொண்டாடி அதை மேடையில் முழுதாக வாசித்தார்கள். புது ஆல்பமான ‘டிஸ்டன்ஸ் ஓவர் டைம்’ அதே 2019இல் வந்தது. நியூயார்க் மாநிலத்தின் மான்டிசெல்லோவில் ஒரு பண்ணை வீட்டு ஸ்டூடியோவில் ஐந்து பேரும் ஒன்றாகத் தங்கி, சேர்ந்து எழுதியது. ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், கதை கிடையாது. 2021 ஆல்பத்தின் ‘தி ஏலியன்’ அடுத்த ஆண்டு கிராமி விருது வாங்கியது. 2023 அக்டோபரில் போர்ட்னாய் திரும்பினார். 2025 பிப்ரவரியில் வந்த ‘பாராசோம்னியா’ உறக்கக் கோளாறுகளைப் பற்றியது. ஒரு கருவைச் சுற்றி எட்டுத் தடங்கள், கடைசிப் பாட்டு பத்தொன்பது நிமிடம். பேரரசர்களும் வரைபடமும் மறுபடி வரவில்லை.

இத்தனை சொன்னபிறகும் அந்த 130 நிமிடத்தில் நான் தேடிப்போய்க் கேட்கும் இடங்கள் இருக்கின்றன. தொடக்க வாத்திய இசை, இரண்டாம் அங்கத்தின் ‘மொமென்ட் ஆஃப் பெட்ரேயல்’, முதல் அங்கத்தின் இறுதிக்குச் சற்று முன் வரும் ‘எ நியூ பிகினிங்’. இந்த மூன்றாவது பாட்டுதான் ஆல்பத்திலேயே நீளமானது. அதில் கதை பாதியிலேயே தன் வேலையை முடித்துக்கொண்டு ஒதுங்கிவிடுகிறது. மிச்ச நேரம் முழுவதும் பெட்ரூச்சியின் கிட்டார், பின்னால் மஞ்சினியும் மியுங்கும் கடைசியில் விழித்துக்கொண்டு. யார் யாரைக் காதலித்தார், யார் யாரைக் காட்டிக்கொடுத்தார் என்று எதையும் அது சொல்லவில்லை. புதிதாகக் கேட்க வருகிறவர் அதிலிருந்து தொடங்கலாம், கதைச் சுருக்கத்தைப் படிக்காமலே.